எக்ஸ்பான்ஷன் வந்தால் உலகம் ஏன் சின்னதாகிறது?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். சில வருடங்களாக ஒரே ஆன்லைன் ஃபேன்டஸி கேமை ஆடுகிறீர்கள். புது நிலமும் கதையும் சேர்க்கும் கூடுதல் பாகமான எக்ஸ்பான்ஷன் வரும்போதெல்லாம் வாங்குகிறீர்கள். முதல் இரண்டு வாரம் ராத்தூக்கம் போகிறது. அப்புறம் புது நிலமும் சலித்துவிடுகிறது, பழைய நிலத்துக்குத் திரும்பினால் அங்கே ஆளே இல்லை. ஓப்பன் வேர்ல்ட், அதாவது இஷ்டப்படி சுற்றக்கூடிய திறந்த உலகம், என்பதெல்லாம் வெறும் விளம்பரமா, அடுத்த எக்ஸ்பான்ஷனை வாங்கலாமா, வாங்கினால் பாத்திரத்தை ஒரேயடியாக மேல் லெவலுக்கு ஏற்றிவிடும் லெவல் பூஸ்ட்டையும் சேர்த்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவதைப் பற்றி இரண்டு வரியில் சொல்லிவிட முடியும். ஆனால் உங்களை அரிப்பது அது இல்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் வரைபடம் பெரிதாகிறது, ஆனாலும் உலகம் ஏன் சின்னதாகிக்கொண்டே வருகிறது? இதுதான் உங்கள் கேள்வி. இதற்கே முதலில் பதில் எழுதுகிறேன், வாங்குவது கடைசியில்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எவர்க்வெஸ்ட் என்ற பழைய ஆன்லைன் கேமின் காலத்திலிருந்து இந்த வகை கேம்களை ஆடி வருகிறேன், கில்ட் என்கிற ஆட்டக்காரர் சங்கம் நடத்தியிருக்கிறேன், நடுவில் சில வருடங்கள் ஒரு சிறிய ஸ்டுடியோவில் லெவல் டிசைன் பார்த்தேன். பெரிய எம்எம்ஓ (ஏராளமானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்) எதையும் உருவாக்கிய குழுவில் இருந்ததில்லை. அதனால் நிலத்தை எப்படி வடிவமைக்கிறார்கள், அது ஆடுகிறவரை என்ன செய்கிறது என்பதில் நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். எந்த சர்வரில் எத்தனை பேர் மிச்சம் என்ற பேச்சு வந்தால் என்னையும் நம்பாதீர்கள், வேறு யாரையும் நம்பாதீர்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு 2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் என்று அறிவித்த பிளிஸார்டு நிறுவனம், 2015இல் அது 55 லட்சத்துக்கு வந்ததும் இனி எண்ணிக்கையை வெளியிடப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து வருவதெல்லாம் கணிப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கேம் உலகத்தின் அளவை ஆடுகிறவர் பரப்பளவால் உணர்வதில்லை, அதைக் கடக்க ஆகும் நேரத்தால் உணர்கிறார். 1996இல் வந்த டாகர்ஃபால் என்ற கேமின் நிலம் கிரேட் பிரிட்டன் அளவு என்றார்கள். சுமார் 15,000 ஊர்களும் குகைகளும் உண்டு, பெரும்பாலானவை நிரல் தானாக உருட்டிப் போட்டவை. ஊருக்கு ஊர் நடந்து பார்த்தவர்கள் அபூர்வம், வரைபடத்தில் பெயரை அழுத்தித் தாவிப் போனார்கள். 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் இரண்டு கண்டங்களும் அதன் பக்கத்தில் வைத்தால் கைக்குட்டை அளவு. ஆனால் அதில் உங்கள் பாத்திரம் நொடிக்கு 7 கஜம்தான் ஓடும், 40ஆம் லெவல் வரை குதிரை கிடையாது. நடையில் 10 நிமிடம் எடுக்கிற ஒரு வழி, 60ஆம் லெவலில் வாங்கும் வேகக் குதிரையில் 5 நிமிடம். பிறகு வந்த வேகமான பறக்கும் மவுண்டில் (ஏறிப் போகும் விலங்கு) இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவும் பாதை வளைந்து போனால் அந்தக் கணக்கு. மலையைத் தாண்டி நேர்கோட்டில் பறந்தால் இன்னும் குறையும். நிலத்தில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் நாலில் ஒரு பங்காகச் சுருக்கியாயிற்று.

அந்த 10 நிமிடத்தில் என்ன இருந்தது என்பதற்கு ஒரு வழியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். நைட் எல்ஃப் பாத்திரம் எடுத்த ஒருவர், வேறு இனத்தில் தொடங்கிய நண்பரோடு சேர்ந்து ஆட வேண்டுமென்றால் கண்டம் மாற வேண்டும். ஆபர்டைன் துறையில் கப்பலுக்குக் காத்திருந்து மெனெதில் துறைமுகத்தில் இறங்குவார். அங்கிருந்து வெட்லேண்ட்ஸ் என்ற சதுப்பு நிலம், 20 முதல் 30 வரை லெவல் உள்ளவர்களுக்கான இடம். இவருக்கோ லெவல் 10 தாண்டியிருக்காது. சாலையோரத்திலேயே முதலைகள், பெயருக்குப் பக்கத்தில் லெவலுக்குப் பதில் மண்டை ஓட்டுக் குறி. உங்கள் லெவல் எவ்வளவு குறைவோ அவ்வளவு தூரத்திலிருந்தே அவை உங்களைக் கண்டுகொள்ளும்படி நிரல் எழுதியிருந்தார்கள், அதனால் ஒதுங்கிப் போனாலும் துரத்தும். செத்தால் ஆவியாகச் சுடுகாட்டிலிருந்து ஓடிவந்து உடலருகே எழுந்து, இன்னும் நாலடி ஓடி, மறுபடி சாக வேண்டும். இப்படியே டன் அல்காஸ் கணவாய் வரை. அதைத் தாண்டி லாக் மோடனில் கால் வைத்துப் பனிமலை ஏறி அயர்ன்ஃபோர்ஜ் வாசல் தெரிகிறபோது வருகிற நிம்மதி ரெய்டில் பலர் சேர்ந்து மோதும் எந்தப் பெரிய அரக்கனைக் கொன்றாலும் வராது. இதற்கு குவெஸ்ட் (கேம் கொடுக்கும் பணி) கிடையாது, பரிசு கிடையாது. டெவலப்பர்கள் இதை ஒரு சாகசமாகத் திட்டமிட்டதாகவும் தெரியவில்லை. இரண்டு இடங்களுக்கு நடுவில் நிலம் இருந்தது, வேறு வழி இல்லை, அவ்வளவுதான். இன்று அதே பயணத்துக்குத் தலைநகரத்தில் போர்ட்டல் (நுழைந்ததும் வேறிடத்தில் கொண்டுவிடும் மாயக் கதவு) இருக்கிறது.

2007 ஜனவரியில் முதல் எக்ஸ்பான்ஷனான பர்னிங் குரூசேடு பறக்கும் மவுண்டைக் கொண்டுவந்தது. லெவல் 70 எட்டினால்தான் கிடைக்கும், அதன் புது நிலமான அவுட்லேண்டில் மட்டும்தான் பறக்கும், வேகமானதற்கு 5,000 தங்கம் கொடுத்துப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த அளவில் அது நல்ல யோசனை என்பதே என் கருத்து. 70 வரை தரையில் அலைந்தவனுக்கு அதே நிலத்தை மேலிருந்து பார்ப்பது ஒரு பரிசு. ஆக்ரிலா, ஸ்கெட்டிஸ், டெம்பஸ்ட் கீப் போன்று பறந்தால் மட்டும் போகக்கூடிய இடங்களையும் அதற்கென்றே கட்டியிருந்தார்கள். சிக்கல் பிறகு வந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. 2010 டிசம்பரில் வந்த கேட்டக்ளிசம் பழைய கண்டங்களிலும் பறக்க விட்டது. அதற்காகவே அந்த நிலங்களைக் கணிசமாகத் திருத்திக் கட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் மலைக்குப் பின்னால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பாதியில் விட்டுவைத்த இடங்கள் ஏராளம். 2014இல் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார் வந்தபோது பறப்பதை நிறுத்திவைத்தார்கள். அடுத்த வருடம் 'இனி புது நிலங்களில் பறத்தல் கிடையாது' என்ற தொனியில் சொன்னதும் எழுந்த கூச்சலில், சில வாரங்களிலேயே நிலத்தைச் சுற்றிப் பார்த்து முடித்தவர்களுக்குப் பறத்தல் உண்டு என்று இறங்கிவந்தார்கள். இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆடுகிறவர்களுக்கு வசதி பறிபோனது. டிசைனருக்கோ, நடக்கிறவனுக்காக வைத்த குகையும் பாலமும் காவல் முகாமும் வீண். மவுண்டில் ஏறி, மூக்கை இலக்கு நோக்கித் திருப்பி, தானாக ஓடும் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்துபோகிறவனுக்கு நடுவில் என்ன கட்டி என்ன பயன்?

இந்தச் சண்டைக்கு நான் பார்த்ததில் உருப்படியான தீர்வு 2022 நவம்பரில் டிராகன்ஃப்ளைட் எக்ஸ்பான்ஷனில் வந்தது. அதில் பறத்தல் முதல் நாளிலேயே கிடைக்கும், வேகமும் பழையதைவிட அதிகம். ஆனால் உயரத்திலிருந்து பாய்ந்தால்தான் வேகம் ஏறும், மேலே எழும்ப எழும்ப சக்தி கரையும், எங்கே இறங்கி எங்கே மறுபடி எழுவது என்று நிலத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மலைக்கு மறுபடி ஒரு வேலை வந்தது. பிற்பாடு பழைய நிலங்களுக்கும் அதே பறத்தலை விரித்தார்கள். கில்ட் வார்ஸ் 2 என்ற இன்னொரு கேம் இதே எண்ணத்தை 2017இல் பாத் ஆஃப் ஃபயர் எக்ஸ்பான்ஷனின் மவுண்டுகளில் வேறு விதமாகச் செய்திருந்தது. ராப்டர் நீளமாகத் தாவும், ஸ்பிரிங்கர் செங்குத்தாக எகிறும், ஸ்கிம்மர் நீர்மேல் மிதக்கும். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற நிலம். ஒரே குறை, 2012இல் மவுண்டே இல்லாத காலத்தில் கட்டிய மலைகளை ஸ்பிரிங்கர் நாலு எகிறில் ஏறிவிடும். அன்று அரைமணி நேரம் வழி தேடித்தேடி ஏறியவர்கள் வயிறெரிந்தார்கள்.

இரண்டாவது காரணம் ஆட்கள். எக்ஸ்பான்ஷன் நிலத்தைச் சேர்க்கிறது என்று சொல்கிறோம். நடைமுறையில் அது ஆட்களை இடம் மாற்றுகிறது. பைபாஸ் போட்டதும் பழைய சாலையோரக் கடைகளுக்கு என்ன ஆகுமோ அதேதான். எவர்க்வெஸ்டில் ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் என்ற பகுதியில் ஒரு சுரங்கப் பாதை இருந்தது. பல சர்வர்களில் ஆடுகிறவர்கள் தாங்களாகவே அதைச் சந்தையாக்கிவிட்டார்கள். நிறுவனம் அங்கே எந்தக் கடை வசதியும் செய்து கொடுக்கவில்லை. வாள் விற்கிறவர் சுவரோரமாக நின்று கத்துவார், வாங்குகிறவர் பேரம் பேசுவார், புதிதாக வந்த சிறுவனுக்கு யாராவது பழைய கவசத்தைச் சும்மா கொடுத்துவிட்டுப் போவார். 2001 டிசம்பரில் ஷேடோஸ் ஆஃப் லூக்ளின் எக்ஸ்பான்ஷனில் பஜார் என்று தனி இடம் வந்தது. பாத்திரத்தை அங்கே கடைபோட்டு நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம், தேடி வாங்கலாம், ஏமாறும் வாய்ப்பும் குறைவு. எல்லா விதத்திலும் சிறந்த ஏற்பாடு. சுரங்கம் காலியானது. அடுத்த வருடம் பிளேன்ஸ் ஆஃப் பவர் வந்து, நகரங்களுக்கெல்லாம் போர்ட்டல் உள்ள ஒரே மையத்தைக் கொடுத்தது, வங்கியும் வணிகரும் அங்கேயே. அதுவரை ஃப்ரீபோர்ட்டில் கப்பலுக்கு நின்றவர்களும், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை மந்திரத்தால் இடம் மாற்றிவிட்ட டுரூயிடுகளும் விசார்டுகளும் ஒரே நாளில் தேவையற்றுப் போனார்கள். அந்த எக்ஸ்பான்ஷனைத் திட்டியவர்கள் யாரும் போர்ட்டலைப் பயன்படுத்தாமல் இருக்கவில்லை, நான் உட்பட.

ஆட்களை இழுப்பது போர்ட்டலைவிடப் பரிசுதான். பர்னிங் குரூசேடில் டார்க் போர்ட்டலைத் தாண்டியதும் ஹெல்ஃபயர் பெனின்சுலாவில் முதல் சில குவெஸ்ட்டுகளுக்குக் கிடைத்த சாதாரணப் பச்சை நிறக் கவசங்கள், மாதக்கணக்கில் 40 பேர் சேர்ந்து ரெய்டு ஓடிச் சேர்த்த ஊதா நிறக் கவசங்கள் பலவற்றை ஓரங்கட்டின. இதைப் பலர் துரோகம் என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மூன்று வருடம் விட்டுவிட்டுத் திரும்புகிறவனும் புதிதாக வருகிறவனும் ஒரே கோட்டிலிருந்து ஓட வேண்டுமென்றால் எங்கோ ஓர் இடத்தில் பழைய கணக்கை நேர் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் புது ஆட்கள் வர மாட்டார்கள், கேம் மெல்லச் சாகும். கணக்கை நேர் செய்வது வேறு, பழையதற்கு எந்த வேலையும் இல்லாமல் செய்வது வேறு. 2006 ஜூனில் திறந்த முதல் நாக்ஸ்ராமாஸ் ரெய்டை உள்ளே போய்ப் பார்த்தவர்களே குறைவு, முடித்தவர்கள் அதிலும் சொற்பம். சில மாதங்களில் எக்ஸ்பான்ஷன் வந்து அதைக் காலியாக்கியது. பிறகு 2008இல் ராத் ஆஃப் த லிச் கிங்கில் அதையே பெயர்த்தெடுத்து நார்த்ரெண்ட் என்ற புதுக் கண்டத்தில் வைத்து லெவல் 80க்கு மாற்றினார்கள். அதோடு, 60ஆம் லெவலுக்கான அசல் வடிவமே போய்விட்டது.

இதைத் தவிர்த்த கேம்களும் உண்டு என்பதால்தான் இதை விதி என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2013இல் 2007ஆம் வருடப் பிரதியிலிருந்து தொடங்கியது. திறமைகளின் உச்சம் அன்றும் 99, இன்றும் 99. புதுக் கண்டங்கள் சேர்ந்தன, ஆனால் பழைய ஊரின் மீனும் தாதுவும் மரமும் இன்றும் யாருக்கோ தேவைப்படுகின்றன. கில்ட் வார்ஸ் 2இல் லெவல் உச்சம் 2012இல் 80, அத்தனை எக்ஸ்பான்ஷன்களுக்குப் பிறகும் 80தான். சின்ன லெவல் இடத்துக்குப் போனால் உங்கள் பலம் அந்த இடத்துக்கேற்ப இறங்கும். 2015 அக்டோபரில் வந்த அதன் முதல் எக்ஸ்பான்ஷனான ஹார்ட் ஆஃப் தோர்ன்ஸில் ஆரிக் பேசின் என்றொரு மேப் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே தாரிர் நகரத்தை முற்றுகையிடுவார்கள். நாலு வாசல், நாலு அரக்கக் கொடி, நாலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் செத்தது உயிர்த்தெழும். மேப் சாட்டைப் பார்த்தால் போதும், எந்தக் கொடிக்கு எத்தனை சதவீத உயிர் மிச்சம் என்ற நிலவரம் தெரிந்துவிடும். 'வடக்கு 40', 'கிழக்கு 35', 'தெற்கு 10, அடிக்கிறதை நிறுத்துங்கப்பா', 'மேற்குக்கு ரெண்டு பேர் ஓடிவாங்க'. முகம் தெரியாத சில டஜன் பேர், யாரும் தலைவர் இல்லை, குழுவில் சேரச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம். வென்றதும் நகரத்துக்கு அடியில் பெட்டகங்கள் திறக்கும், எல்லோரும் சாவியோடு குதிப்பார்கள். வெளிவந்து இத்தனை வருடம் கழித்தும் அங்கே கூட்டம் சேர்கிறது. ஓப்பன் வேர்ல்ட் விளம்பரமா என்று கேட்டீர்களே, உங்களை ஒருநாள் அந்த வடக்கு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே கேமில் வேபாயிண்ட் என்ற பெயரில் மேப்புக்கு மேப் பல தாவும் இடங்கள் உண்டு, சில்லறைக் காசு கொடுத்தால் போதும். பயண நேரம் போனால் உலகம் செத்துவிடும் என்று நான் மேலே சொன்னதற்கு இதுவே எதிர்ச்சான்று. ஆகவே இரண்டு காரணத்தில் ஆட்கள்தான் பெரிய காரணம் என்று சொல்வேன். பயணம் சுருங்கினாலும் அங்கே போக ஒரு பிழைப்பு இருந்தால் இடம் உயிரோடு இருக்கிறது. அந்தப் பிழைப்பை அடுத்தவரோடு போட்டியில்லாமல் வைப்பதும் முக்கியம். பழைய கேம்கள் பலவற்றில் முதல் அடி யாருடையதோ லூட் (கொன்றால் கிடைக்கும் பொருள்) அவருடையது. ஒரு புது நிலம் திறந்த அன்று பத்துக் காட்டுப்பன்றிக்கு நூறு பேர் நின்றால், பக்கத்தில் நிற்கும் ஒவ்வொருவனும் எதிரிதான். கில்ட் வார்ஸ் 2 அடித்த எல்லோருக்கும் தனித்தனி லூட், வெட்டும் மரமும் தோண்டும் தாதுவும் ஆளுக்கு ஒன்று என்று மாற்றியது. இன்னொருவர் வருவது தொல்லையாக இருந்த நிலை மாறி, உதவியாகிவிட்டது. இதை ஒரு சிறிய விதி மாற்றம் என்று கடந்துவிடுவார்கள். என் கணக்கில் புதுக் கண்டம் ஒன்றைவிட இது பெரிது.

மற்றவர்களின் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016 அக்டோபரில் ஒன் டாம்ரியல் என்ற மாற்றத்தில் எல்லா நிலத்தையும் எல்லா லெவலுக்கும் சமன்படுத்தியது. யாரும் எங்கும் போகலாம், நண்பர்கள் லெவல் வித்தியாசமின்றி சேர்ந்து சுற்றலாம், எந்த ஊரும் காலாவதியாகவில்லை. விலை என்னவென்றால், தொடக்கத்தில் பார்த்த நண்டு கடைசிவரை உங்களுக்குச் சரிசமமாக நிற்கும், வளர்ந்த உணர்வு மங்கும். ஃபைனல் ஃபேன்டஸி 14 நிலத்தைக் காப்பாற்றவில்லை, டன்ஜன்கள் எனப்படும், சிறு குழுவாகப் போகும் குகைகளைக் காப்பாற்றியது. ஏதாவதொரு டன்ஜனுக்குக் குலுக்கி அனுப்பும் தினசரி ரூலெட்டில் சேர்ந்தால் பெரிய ஆட்களும் லெவல் இறக்கப்பட்டு 2013ஆம் வருட டன்ஜனுக்குள் அனுப்பப்படுவார்கள், அதனால் இன்று தொடங்குகிறவருக்கும் குழு கிடைக்கிறது. அதன் நிலங்களோ லோடிங் திரைகளால் துண்டு துண்டானவை, தொழில்நுட்பக் கணக்கில் அது ஓப்பன் வேர்ல்டே இல்லை. ஆனாலும் அதை ஓர் உலகமாக உணர்கிறவர்கள் ஏராளம். லோடிங் திரை இல்லாததும் உலகம் உயிரோடு இருப்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. மறுபக்கம், லோடிங் திரையே இல்லாத வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனாரில் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கோட்டை கொடுத்தார்கள். சுரங்கம், மூலிகைத் தோட்டம், குவெஸ்ட் எல்லாம் அதற்குள்ளேயே. ஆளுக்கொரு கோட்டையில் அடைந்து கிடந்தார்கள், தலைநகரத் தெரு வெறிச்சோடியது.

இதுவரை சொன்னது எனக்கு உறுதியானது. இனி சந்தேகத்துக்குரியது. உலகம் சுருங்கியதில் கேமின் பங்கு எவ்வளவு, நம்முடைய பங்கு எவ்வளவு? 2019 ஆகஸ்டில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்று பழைய உலகத்தை அப்படியே திறந்தார்கள். போர்ட்டல் அறை இல்லை, பறத்தல் இல்லை, அதே வெட்லேண்ட்ஸ், அதே முதலை. சர்வர்களுக்குள் நுழைய மணிக்கணக்கில் வரிசை நின்றது. ஏக்கம் மட்டுமே காரணம் என்றவர்கள் அன்று வாயடைத்துப் போனார்கள். ஆனால் சில மாதங்களில் அதே ஆட்கள், எந்த மேஜின் (மந்திரவாதிப் பாத்திரம்) பின்னால் காசு கொடுத்து நின்றால் டன்ஜனில் சும்மா லெவல் ஏறும், ரெய்டுக்கு முன்னால் எந்தெந்த ஊரில் போய் வரம் வாங்கி வர வேண்டும் என்று அட்டவணை போட ஆரம்பித்தார்கள். 2004இல் அந்த நிலத்தை யாருக்கும் தெரியாது. 2019இல் எல்லோருக்கும் மனப்பாடம். இப்போது புது எக்ஸ்பான்ஷன்கூட சோதனை சர்வரில் தோண்டியெடுக்கப்பட்டு, வெளிவரும் முன்பே ஒவ்வொரு புதையலும் வரைபடத்தில் குறிக்கப்பட்டுவிடுகிறது. உங்கள் இரண்டு வார மயக்கம் அதற்குமேல் நீளாததில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம். அளந்து சொல்ல என்னிடம் வழி இல்லை.

நீங்கள் எந்த வகை ஆட்டக்காரர் என்பதும் இதில் உண்டு. 1978இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முதல் மட் கேமை (எழுத்து வடிவிலேயே பலர் சேர்ந்து ஆடும் கேம்) உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் ஆடுகிறவர்களை நாலாகப் பிரித்து எழுதினார்: சாதனை சேர்ப்பவர், இடங்களையும் விதிகளையும் துருவிப் பார்ப்பவர், ஆட்களோடு பழக வருபவர், ஆட்களை வீழ்த்த வருபவர். அறிவியல் அளவீடாக இதை நம்ப வேண்டியதில்லை, ஒரே ஆள் திங்கள்கிழமை ஒன்றும் சனிக்கிழமை இன்னொன்றுமாக இருப்பார். ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்தால் துருவிப் பார்க்கும் ரகம் என்று படுகிறது. எக்ஸ்பான்ஷன்களோ பெரும்பாலும் சாதனை சேர்ப்பவருக்காக அளவெடுத்துத் தைக்கப்படுகின்றன. முதல் இரண்டு வாரம் உங்களுக்கும் அவருக்கும் பாதை ஒன்று, இருவருமே நிலத்தைப் பார்க்கிறீர்கள். மூன்றாவது வாரம் அவருக்கு ரெய்டு திறக்கிறது, உங்களுக்கு எதுவும் திறப்பதில்லை.

ஆகவே வாங்கலாமா? உங்கள் ரகத்துக்கு வெளியான நாளில் வேண்டாம். அன்றைய கூட்டத்தை வைத்து எதையும் எடைபோட முடியாது. 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டஸி 14இன் எண்ட்வாக்கர் வந்தபோது சர்வர் தாங்காமல் விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள், அந்த அளவு இல்லாவிட்டாலும் முதல் மாதக் கூட்டம் எல்லாவற்றுக்கும் வரும். முதல் பெரிய பேட்ச் (கேமைப் புதுப்பிக்கும் திருத்தம்) வரும் வரை பொறுங்கள். அதற்குள், புது நிலத்தில் எப்படி நகர்வார்கள், லெவல் முடித்தவர் மறுபடி அந்த நிலத்துக்கு வர என்ன காரணம், அடுத்தவர் வந்தால் எனக்கு லாபமா நஷ்டமா, பழைய நிலத்துக்கு ஏதாவது வேலை கொடுத்திருக்கிறார்களா என்று ஆடுகிறவர்களிடம் விசாரியுங்கள். நிலம் எத்தனை மடங்கு பெரிது என்ற விளம்பரத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். காத்திருக்கும்போது வேறு ஒன்றைத் தொட்டுப்பார்க்க விரும்பினால், கில்ட் வார்ஸ் 2இன் அடிப்படை கேம் 2015 முதல் இலவசம், ஃபைனல் ஃபேன்டஸி 14இன் இலவச முயற்சியில் லெவல் 70 வரை இரண்டு எக்ஸ்பான்ஷன்கள் அடங்குகின்றன.

லெவல் பூஸ்ட் கேட்டிருந்தீர்கள். அதே கேமில் அதே வகைப் பாத்திரத்தை இரண்டாவது முறை ஏற்ற வேண்டியிருந்தால் தாராளமாக வாங்குங்கள், பார்த்த நிலத்தை மறுபடி உழுவதில் ஒன்றுமில்லை. ஒரு கேமுக்குள் முதல்முறை நுழையும்போது வாங்காதீர்கள். இந்தக் கேம்களில் நிலத்தை நிலமாகப் பயன்படுத்துவது பெரும்பாலும் லெவல் ஏறும் பகுதியில்தான், பூஸ்ட் வெட்டியெறிவது சரியாக அந்தப் பகுதியைத்தான். உச்ச லெவலில் இறங்கினால் ஒரு நகரம், நாலைந்து போர்ட்டல், திரை நிறைய அர்த்தம் புரியாத பொத்தான்கள் மட்டும் கிடைக்கும். அதற்கு நீங்கள் இப்போது ஆடிக்கொண்டிருப்பதே போதும்.